சாவி கொடுத்தால் ஓடும் சரித்திரம்

ரெவர்சோ, ரோலெக்ஸ், ஃபேவர்-லூபா, எச்.எம்.டி., டைட்டன்... உலகம் போற்றும் கைக்கடிகார மரபில் நம்மூர்க் கடைத்தெருக்களுக்கும் பங்கு இருக்கிறது.

திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்கு எதிரே, பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி, கருவேலப்புர மாளிகையின் முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும் போதெல்லாம் அதன் மேலுள்ள தாடிக்காரரின் வாய் திறக்கும். இரு பக்கமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து வந்து அவர் கன்னத்தில் முட்டும். ஊர் இதை மேத்தன் மணி என்கிறது. ஸ்வாதித் திருநாள் மகாராஜா காலத்தது என்றும், வஞ்சியூரைச் சேர்ந்த குளத்தூக்காரன் என்ற கைவினைஞரின் வேலை என்றும் சொல்லிவருகிறார்கள். அதே மகாராஜாதான் 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். நேரத்தின் மீது அந்த அரண்மனைக்கு இருந்த ஆர்வம் பொம்மைக் கடிகாரத்திலும் தெரிகிறது, தொலைநோக்கியிலும் தெரிகிறது.

அங்கிருந்து கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டிச் சற்று நடந்தால் சாலைக் கடைத்தெரு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய குமரி மாவட்டத்து வில்லுக்குறிப் பக்கம் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக இங்கே கடை நடத்துகிறார்கள். இந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்து, இதன் மனிதர்களையே கதைகளாக்கிய ஆ. மாதவன் வழியாகத் தமிழ் வாசகர்கள் சாலையை நன்றாக அறிவார்கள். அரிசி, பருப்பு, வெற்றிலை, பித்தளை, தங்கம் என்று எல்லாம் புழங்கும் இந்த மாதிரிக் கடைத்தெருக்களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரையும் பார்க்கலாம்.

விலையுயர்ந்த கைக்கடிகாரம் என்றதும் ஜெனீவாவும் பனிமலையும் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சரித்திரத்தில் நம் மண்ணுக்கு உள்ள இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ரிப்பேர்காரரின் மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணிக்கட்டுக்கு வந்த கதை

முதலில் கைக்கடிகாரம் பெண்களின் நகையாகவே இருந்தது. நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூராவுக்காக 1810-ல் பாரிஸின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஆப்ரஹாம் லூயி பிரெகே செய்யத் தொடங்கி 1812-ல் கொடுத்ததைத்தான் முதல் கைக்கடிகாரங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள். 1868-ல் பட்டெக் ஃபிலிப் நிறுவனம் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்குத் தங்க வளையலில் பதித்த கடிகாரம் செய்து கொடுத்தது. ஆண்களோ சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரத்தோடு திரிந்தார்கள்.

அதை மாற்றியது விமானமும் போரும். கைகள் இரண்டும் விமானத்தில் இருக்கும்போது பையிலிருந்து கடிகாரத்தை எடுக்க முடியவில்லை என்று பிரேசில் விமானி சாந்தோஸ் துமோன் சொல்ல, நண்பர் லூயி கார்ட்டியே 1904-ல் அவருக்காகச் செய்ததுதான் ‘சாந்தோஸ்’. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்கள் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது அதைக் கழற்றவில்லை. மேற்கு முனையில் ஓடிய ரெனோ டாங்கியை மேலிருந்து பார்த்த வடிவத்தில் 1917-ல் கார்ட்டியே வரைந்த ‘டாங்க்’ இன்றும் அதே வடிவத்தில் விற்பனையாகிறது.

கைக்கடிகாரம் சரியான நேரம் காட்டாது என்பதுதான் அன்றைய பேச்சு. அதை உடைத்தவர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர். 1905-ல் லண்டனில் கடை தொடங்கி, 1908-ல் ரோலெக்ஸ் என்று பெயர் வைத்தார். கப்பல் கடிகாரங்களைச் சோதிக்கும் கியூ ஆய்வகத்தில் 1914-ல் அவருடைய சின்னஞ்சிறு கைக்கடிகாரம் ‘ஏ’ தரச் சான்று வாங்கியது. 1926-ல் தண்ணீர் புகாத ‘ஆய்ஸ்டர்’ வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் அந்தக் கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். குளிர் தாங்காமல் கரை சேரும் முன்பே அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வில்ஸ்டார்ஃப் லண்டன் நாளிதழின் முதல் பக்கத்தையே வாங்கி அந்தச் செய்தியை விளம்பரமாக்கினார்.

தண்ணீர் புகாத கூட்டின் மதிப்பு இடவப்பாதி மழையில் நனையும் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்கரைக் காற்றின் உப்பும், வியர்வையும், மழை ஈரமும் இரும்பு முள்ளை ஒரே பருவத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும்.

போலோ மைதானத்தில் பிறந்த ரெவர்சோ

உலகின் அழகிய கைக்கடிகாரங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் ‘ரெவர்சோ’ இருக்கும். அது பிறக்கக் காரணமானது இந்திய மைதானம். 1930-31 குளிர்காலத்தில் சீஸர் தெ த்ரே என்ற சுவிஸ் வியாபாரி இந்தியா வந்திருந்தார். பிரிட்டிஷ் அதிகாரிகள் போலோ ஆடும்போது மட்டையோ பந்தோ பட்டு வாட்ச் கண்ணாடிகள் உடைந்துகொண்டே இருந்தன. உடையாத வாட்ச் ஒன்று செய்ய முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள்.

ஊர் திரும்பிய தெ த்ரே, நண்பர் ழாக் டேவிட் லெகூல்த்ரிடம் அதைச் சொன்னார். ரெனே ஆல்ஃபிரெட் ஷோவோ என்ற வடிவமைப்பாளர் 1931 மார்ச் 4 அன்று பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கடிகாரக் கூடு தண்டவாளம் போன்ற சட்டத்தில் நகர்ந்து, அப்படியே தலைகீழாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். கண்ணாடி உள்ளே போய்விடும், எஃகு முதுகு வெளியே வந்துவிடும். அடி முதுகில்தான் விழும்.

அந்த வெற்று முதுகே பிறகு ரெவர்சோவின் அழகாகிவிட்டது. பெயரெழுத்து, குலச்சின்னம், எனாமல் ஓவியம் என்று ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைப் பொறித்துக்கொண்டார்கள். இந்திய அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் முகத்தை எனாமலில் தீட்டிய ரெவர்சோவை அந்த நிறுவனம் இன்றும் தன் பெருமைகளில் ஒன்றாகக் காட்டுகிறது. ரெவர்சோ பிறந்த அதே 1931-ல்தான் ரயில் திருவனந்தபுரத்துத் தம்பானூருக்கு வந்தது. ரயில் வந்த ஊரில் நிமிடக் கணக்குக்கு மதிப்பு வந்தது.

பம்பாய் இறக்குமதி

ரயில்வே நேரத்துக்கு ஆதாரமாக இருந்தது சென்னை. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடம் கணித்த நேரத்தின்படிதான் இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் ஓடின. 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வந்த பிறகே நிலைமை மாறியது. சென்னை மவுண்ட் ரோட்டில் பீட்டர் ஆர் என்ற கடிகாரக் கலைஞர் வளர்த்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடைக்கு, 1879-ல் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தின் உச்சியிலேயே ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. தென்னிந்தியாவின் பெரிய மனிதர்களுக்குக் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் வாங்க அதுதான் இடம்.

சாதாரண மக்களுக்கு வாட்ச் வந்த வழி பம்பாய். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் என்ற ஊரில் 1737 முதல் சரித்திரம் உள்ள ஃபேவர்-லூபா நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் ஃபேவர் 1860-களில் இந்தியாவுக்கு வந்து பம்பாயில் வியாபாரத்தைத் தொடங்கினார். அடுத்த நூறு ஆண்டுகளில் ‘சீ சீஃப்’, ‘சீ கிங்’ என்ற பெயர்கள் தமிழ், மலையாளக் குடும்பங்களில் வீட்டுப் பெயர்களாகிவிட்டன. 1880-களில் பம்பாய் சந்தைக்காகவே தொடங்கப்பட்ட வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி தன் கடிகாரத்துக்கு ‘சவார்’ என்று பெயர் வைத்தது. சவார் என்றால் குதிரைப்படை வீரன். முதல் உலகப் போருக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் பலரின் மணிக்கட்டில் அது இருந்தது. சுவிஸ் ஆலை ஒன்று இந்தியச் சொல்லை டயலில் எழுதி விற்ற காலம் அது.

ஃபேவர்-லூபா வெறும் சந்தைச் சரக்காகவும் இருக்கவில்லை. 1962-ல் வந்த அதன் ‘பிவாக்’ காற்றழுத்தத்தையும் மலையின் உயரத்தையும் முள்ளாலேயே காட்டியது. 1968-ல் வந்த ‘பாத்தி’ கடலின் ஆழத்தைக் காட்டியது. மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் என்று சாலைப் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் உறங்கும் பெட்டிகளில் இந்தப் பெயரும் உண்டு. அதன் பரம்பரை இமயமலை உச்சிக்கும் கடலின் அடிக்கும் போய் வந்தது என்பது அந்த வீடுகளில் பலருக்குத் தெரியாது.

எவரெஸ்ட் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். 1953 பயணக் குழுவுக்கு ரோலெக்ஸும் கடிகாரம் கொடுத்திருந்தது, ஆங்கிலேய நிறுவனமான ஸ்மித்ஸும் கொடுத்திருந்தது. உச்சியைத் தொட்டது எங்கள் வாட்ச் என்று இரண்டுமே விளம்பரம் செய்தன. அந்த விவாதம் சேகரிப்பாளர்களிடையே இன்றும் ஓயவில்லை.

ஜனதாவும் கல்ஃப் வாட்ச்சும்

சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடியில் வெளிநாட்டு வாட்ச் இறக்குமதி இறுகியது. கள்ளக் கடத்தலில் தங்கத்துக்கு அடுத்தபடியாக வாட்ச் பேசப்பட்டது. அந்தச் சூழலில்தான் அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியை நேரு வெளியிட்டார். பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று ஆலைகள் பெருகின.

17 கல் வைத்த ‘ஜனதா’, கறுப்பு டயல் ‘பைலட்’, ‘கோஹினூர்’, ‘காஞ்சன்’. பத்தாம் வகுப்பில் பாஸானால் ஒரு ஜனதா. கல்யாணத்துக்கு ஒரு காஞ்சன். ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பின்மூடியில் பெயர் பொறித்து ஒன்று. இந்தியாவில் கைக்கடிகாரம் குடும்பச் சொத்தானது இந்த வரிசையால்தான்.

1970-களில் கேரளத்துக்கு வளைகுடாப் பணம் வரத் தொடங்கியது. விடுமுறையில் வந்தவர்களின் மணிக்கட்டில் ‘சீக்கோ 5’ மின்னியது. இன்னும் வசதி வந்தவர்கள் ராடோ கட்டினார்கள். 1962-ல் வந்த ராடோ ‘டயாஸ்டார்’ கீறல் விழாத டங்ஸ்டன் கார்பைடு கூட்டினால் பேர் வாங்கியது. கேரளத்துக் கடைத்தெருக்களில் பெட்டிக்கு ஒன்றாக வந்து சேர்ந்த அந்தத் தங்க நிற ராடோக்கள் ஒரு தலைமுறையின் உழைப்புக் கணக்கு.

குவார்ட்ஸ் அடியும் ஓசூர் பதிலும்

1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் சீக்கோ ‘ஆஸ்ட்ரான்’ விற்பனைக்கு வந்தது. விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு சிறிய காரின் விலை. விநாடிக்கு 8,192 முறை அதிரும் அதன் குவார்ட்ஸ் படிகத்துக்கு முன்னால், விநாடிக்கு ஐந்தாறு தடவை ஆடும் பேலன்ஸ் வீலால் நிற்க முடியவில்லை. 1970-ல் சுமார் 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினார்கள்.

பிழைத்தவர்கள் இரண்டு வழியில் பிழைத்தார்கள். 1983-ல் வந்த மலிவான பிளாஸ்டிக் ‘ஸ்வாட்ச்’ ஒரு வழி. மற்றது, நேரம் காட்டுவதை விட்டுவிட்டுக் கைவேலையை விற்பது. ஜெரால்ட் ஜென்டா ஒரே இரவில் வரைந்ததாகச் சொன்ன ஆடமார் பிகே ‘ராயல் ஓக்’ 1972-ல் எஃகில் வந்தது. தங்கக் கடிகாரத்தைவிட அதிக விலை வைத்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். இன்று அதுதான் ஆடம்பர எஃகு வாட்ச்களின் மூலவர்.

நம் பக்கத்துப் பதில் ஓசூரிலிருந்து வந்தது. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனுக்கு முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்செஸ் தேசாய். பெயரிலேயே டாடாவும் தமிழ்நாடும் இருக்கின்றன. கிராமத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, குவார்ட்ஸில் இறங்கினார்கள். 2002-ல் வந்த ‘எட்ஜ்’ கூட்டோடு சேர்த்து 3.5 மில்லிமீட்டர் கனம்தான், உள்ளே இருந்த இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். ஓசூரில் செய்த அந்த வாட்ச் உலகத்தின் மிக மெல்லிய கைக்கடிகாரங்களோடு நின்றது.

அதன் பிறகு நடந்ததுதான் சரித்திரத்தின் பெரிய திருப்பம். 2011-ல் அதே டைட்டன் ஃபேவர்-லூபாவையே வாங்கியது. ஒரு காலத்தில் பம்பாய்க் கப்பலில் நமக்கு வாட்ச் அனுப்பிய நிறுவனம் நம்மவர் கைக்கு வந்தது. இப்போது அது இன்னொரு இந்தியக் குழுமமான எத்தோஸ் வசம் இருக்கிறது, 2024-ல் ஜெனீவாவில் மறுபடி அறிமுகமாயிற்று. எச்.எம்.டி.க்கு அந்த யோகம் இல்லை. அதன் வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூரு ஜாலஹள்ளியில் ஓர் அருங்காட்சியகமும், லட்சக்கணக்கான பீரோக்களில் ஜனதாக்களும் மிஞ்சியிருக்கின்றன.

லென்ஸுக்குக் கீழே

சாவி வாட்ச் ஒன்று மேசைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்ததும் ரிப்பேர்காரர் முதலில் பேலன்ஸ் வீலைத்தான் பார்ப்பார். அது வட்டமாக, தாராளமாக ஆடுகிறதா, இல்லை களைத்து ஆடுகிறதா என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்ல இறக்கிவிட்டு முள்ளைக் கழற்றுவார், டயலைக் கழற்றுவார், பிறகு ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வெள்ளைப் பெட்ரோலில் போடுவார். மரக்குச்சியின் கூர்முனையால் ரூபிக் கற்களின் துளைகளைக் குடைந்து பழைய எண்ணெயை எடுப்பார். மறுபடி பூட்டும்போது ஒவ்வொரு கல்லிலும் ஊசிமுனையில் தொட்ட எண்ணெய். கொஞ்சம் கூடினால் வழிந்து ஹேர் ஸ்பிரிங்கில் ஒட்டி வாட்ச் ஓட்டமெடுக்கும், குறைந்தால் தேய்ந்து நிற்கும்.

திடீரென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிற வாட்ச்சுக்கு இன்றைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், காந்தம். ஸ்பீக்கரின் மேலேயோ, காந்தம் வைத்த செல்போன் உறையின் பக்கத்திலேயோ வைத்திருப்பார்கள். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை எடுக்கும் சிறு கருவியில் ஒருமுறை காட்டினால் சரியாகிவிடும். இது தெரியாமல், புது மெஷின் போட வேண்டும் என்று நினைத்து வாட்ச்சையே விற்றுவிடுகிறவர்களும் உண்டு.

சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து கேட்டுக்கொண்டதால், ஜூரா மலைப்பகுதியின் இயந்திரக் கடிகாரக் கைத்திறனை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அது நியாயமான மரியாதை. அதே கைத்திறனில் பழுது நீக்கும் பாதியை இத்தனை காலம் நம் கடைத்தெருக்களும் தாங்கியிருக்கின்றன. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பல, உதிரிபாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கே கொடுக்கின்றன. சின்ன மேசைக்காரர் பழைய வாட்ச் ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பிழைக்க வைக்கிறார். அவருடைய பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை.

இதற்கிடையே, 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தின்படி சுவிஸ் வாட்ச்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. இந்தியாவில் சொகுசு வாட்ச் வாங்குவோர் பெருகுவார்கள். வாங்கியதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போனால் அந்த வாட்ச்கள் எல்லாம் பெட்டியில் உறங்கும் நகைதான்.

வீட்டில் இருப்பதைக் காப்பாற்ற

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஒரு வகையைச் சொல்கிறார்கள். நல்ல பழைய எச்.எம்.டி.யையோ ஃபேவர்-லூபாவையோ எடுத்து, டயலைச் சுரண்டி, கிளிப்பச்சையும் ரத்தச் சிவப்புமாகப் புதிதாக வண்ணமடித்து இணையத்தில் விற்பது. ஃபேவர்-லூபாவில் ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய ‘ஸ்விஸ் மேட்’ எழுத்து மங்கியோ கோணியோ இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வாட்ச் ஓடும், சரித்திரம் போய்விடும். மஞ்சளித்த, புள்ளி விழுந்த அசல் டயலுக்குத்தான் சந்தையில் மதிப்பு. குடும்பத்துக்கும் அதுதான் மதிப்பு.

ஆகவே, வீட்டில் அப்பாவின் ஜனதாவோ, பெரியப்பாவின் ராடோவோ, தாத்தாவின் வெஸ்ட் எண்டோ இருந்தால் முதலில் பலவந்தமாகச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் சக்கரத்தின் முனைகள் தேயும். நம்பகமான ரிப்பேர்காரரிடம் கொடுத்து முழுதாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யார், எந்த ஆண்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள். தண்ணீர் புகாது என்று பின்மூடியில் எழுதியிருந்தாலும் பழைய ரப்பர் வளையத்தை நம்பி மழையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அரசுகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எச்.எம்.டி.யிலும் ஓசூரிலும் ஆயுளெல்லாம் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழகமும் கேரளமும் அவர்களை ஆசிரியர்களாக்கி, ஐ.டி.ஐ.களில் இயந்திரக் கடிகாரப் பயிற்சியை முறையாக நடத்த வேண்டும். ஓராண்டுப் படிப்பும் ஒரு செட் கருவியும் போதும், ஒரு பிள்ளை தன் ஊரிலேயே பிழைப்பான்.

அதுவரை, மேசையில் குனிந்து மணிக்கணக்கில் வேலை பார்த்தவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.